அழைப்பு இருக்கலாம், அனுப்புகிறவர்கள் யார்?

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். வயது 26. தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் வேலை செய்கிறேன். சபையின் ஞாயிறு பாடசாலையிலும் படிப்பிக்கிறேன். கொழும்பிலிருந்து வந்த ஓர் ஊழிய நிறுவனத்தார், நேபாளத்தில் இரண்டு ஆண்டுகள் வேதாகமம் படிப்பிக்க என்னைக் கேட்கிறார்கள். சுற்றுலா விசாவில் போகலாமாம். நான்கு இலட்சம் ரூபாயை நானே திரட்ட வேண்டுமாம். அம்மா தமக்குக் கிடைத்த சேமலாப நிதிப் பணத்தைத் தருவதாகச் சொல்கிறார். அப்பா நோயாளி. எங்கள் போதகரோ "ஜெபிப்போம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மாத முடிவில் கடவுச்சீட்டை வாங்கிப்போக வருகிறார்கள். இது தேவ அழைப்புத்தானா? நான் போகலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: இந்த நிறுவனத்தோடு, இந்த ஏற்பாட்டில், அம்மாவின் பணத்தில் போக வேண்டாம். அழைப்பு உண்டா இல்லையா என்று ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் வேறு தேசத்தில் வேதம் படிப்பிக்கும் ஆசை ஆண்டவர் தந்ததாகவே இருந்தாலும், அதை நிறைவேற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வருகிற எல்லாரையும் அவர்தான் அனுப்பினார் என்று ஆகிவிடாது.

விசா விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளம் ஒருவரைச் சுற்றுலா விசாவில் ஓர் ஆண்டுக்குள் 150 நாட்களுக்கு மேல் தங்க விடுவதில்லை. இரண்டு ஆண்டு ஊழியத்தை அந்த விசாவில் செய்துவிடலாம் என்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே சொன்னால் அது பொய். தெரியாமல் சொன்னால், அவர்களை நம்பி எப்படிப் புறப்படுவது? அந்த நாட்டின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018 ஓகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டம் அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. குற்றவாளி வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தப்படுவார். விசுவாசிகளுக்குப் படிப்பிப்பது வேறு, மதம் மாற்றுவது வேறு என்று வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதத்தை, மொழி தெரியாத ஊரில், பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது, உங்களுக்குத் தங்க இடம் கொடுத்த நேபாளப் போதகரின் நிலைமை. நீங்கள் விமானமேறி வந்துவிடுவீர்கள். அவரும் அவருடைய சபையும் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

"ஊழியம்தானே, வேலை இல்லையே" என்று சொல்லி உங்களை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமலே கொண்டுபோவார்கள் என்றும் நினைக்கிறேன். அப்படியானால், பதிந்துவிட்டுக் குவைத்துக்குப் போகிற பணிப்பெண்ணுக்கு உள்ள காப்புறுதிகூட உங்களுக்கு இராது.

இனி அம்மாவின் பணம். சேமலாப நிதி என்பது விடியற்காலைக் குளிரில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு, மலையில் ஏறி இறங்கிப் பறித்த கொழுந்தின் மிச்சம். அது ஒரே ஒரு முறைதான் கையில் கிடைக்கும். அப்பாவின் மருந்தும் கண்டிக்கு கிளினிக் போய்வரும் பஸ் காசும் நாளை அதிலிருந்துதான் வர வேண்டும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் திரும்பவும் வாசியுங்கள். அம்மா மனமுவந்து தருகிறார் என்பீர்கள். நம் தாய்மார் எதற்குத்தான் மனமுவந்து தரவில்லை? அந்த மனத்தைத் தெரிந்துகொண்டே பணத்தைக் கேட்கிற ஊழியத்தின் மேல் எனக்கு மதிப்பு வரவில்லை.

அந்தியோகியாச் சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து பவுலையும் பர்னபாவையும் அனுப்பியதை அப்போஸ்தலர் 13 சொல்கிறது. அனுப்பியது அவர்களை நன்றாக அறிந்த சபை. அவர்கள் திரும்பி வந்து கணக்கு ஒப்புவித்ததும் அந்தச் சபையிடமே. நம் மலையகத்தின் கதையும் இதைப் பற்றி யோசிக்க வைக்கிறது. கோப்பித் தோட்டக் காலத்தில், 1854இல், நம் மூதாதையர் நடுவில் மிஷன் வேலை தொடங்கியபோது வந்த உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். செலவுக்குத் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். துரையின் பணத்தில் வந்தவர் துரையைப் பற்றி, தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் என்ன பேசியிருக்க முடியும்! அதே திருநெல்வேலியில் வேதநாயகம் அசரியா, 1902இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களின் மிஷனரி முயற்சியைக் கண்டு, அடுத்த ஆண்டே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். இந்தியரின் பணம், இந்தியரின் ஆட்கள், இந்தியரின் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. தெலுங்கு பேசும் பகுதியான தோர்ணக்கலுக்கு ஆட்களை அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. பிறகு தாமே அங்கே போய், தெலுங்கு கற்று, வாழ்நாளை அங்கேயே கழித்தார். மொழியைக் கற்காமல் மொழிபெயர்ப்பாளரை வைத்து வேதம் படிப்பிப்பதை அவர் ஊழியம் என்று ஒப்புக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தில் நேபாளி மொழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆகவே உங்கள் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை உங்கள் சபையின் கையில் கொடுங்கள். போதகரைத் தனியே சந்தித்து, அந்த "ஜெபிப்போம்" என்பதற்குப் பொருள் என்ன என்று மரியாதையோடு கேளுங்கள். நம் பக்கத்தில் அது பல வேளைகளில் "எனக்குச் சம்மதமில்லை, சொல்லத்தான் தயக்கம்" என்பதற்கு மறுபெயர். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியிலோ பேராதனையிலுள்ள லங்கா வேதாகமக் கல்லூரியிலோ என்ன படிக்கலாம், வேலையை விடாமல் படிக்க வழி உண்டா, சபை எவ்வளவு உதவும் என்பதையும் அவரோடு பேசுங்கள். சிங்களத்தில் ஒரு ஞாயிறு பாடசாலை வகுப்பை நடத்திப் பார்ப்பதும் நல்லது. தாய்மொழியல்லாத மொழியில் ஒரு பிள்ளைக்கு ஊதாரி மகனின் கதையைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே விளங்கிவிடும். அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் நான் சந்தோஷப்படுவேன்.

மாத முடிவில் அவர்கள் வரும்போது அம்மாவையும் போதகரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்களை வேண்டுமென்று கேட்ட நேபாளச் சபை எது, அதன் போதகர் எழுதிய கடிதம் எங்கே, நோய் வந்தால் செலவு யாருடையது, திரும்பி வரும் டிக்கெட் யார் பெயரில் இருக்கும் என்று கேட்டு, விடைகளை எழுத்தில் வாங்குங்கள். கடவுச்சீட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். கேட்டால் பிரதி போதும்.