சிறுநீரக நுண்குழாய் (டியூபியூல்) பற்றிப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. பி.பார்ம் முடித்த உங்கள் பெண், எம்.பார்மில் பார்மகாலஜி (மருந்தியல்) எடுத்து, சிறுநீரக நுண்குழாய் கரிம அமிலங்களை எப்படிக் கடத்துகிறது என்று பார்க்கப் போகிறேன் என்கிறாள். வீட்டில் எல்லோரும் மெடிக்கல் ஷாப் வைத்தாலாவது நாலு காசு வரும் என்கிறார்கள். ஷாப் வைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அவள் எடுத்திருப்பது சோறு போடாத தலைப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் பென்சிலினுக்கு அவ்வளவு தட்டுப்பாடு, நோயாளியின் சிறுநீரைப் பிடித்து அதிலிருந்து மருந்தைத் திரும்பப் பிரித்தெடுத்தார்கள். பென்சிலின் ஒரு கரிம அமிலம். நுண்குழாயின் முதல் பகுதியில் உள்ள செல்கள் அதை ரத்தத்திலிருந்து இழுத்து சிறுநீரில் தள்ளிவிடும். வடிகட்டுதல் என்று பள்ளியில் படித்தோமே, அது வேறு, இது வேறு. இழுப்பவை ஓஏடி1, ஓஏடி3 என்ற புரதங்கள். செல்லுக்குள் இருக்கும் ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட் என்ற பொருளை வெளியே கொடுத்துவிட்டு மருந்தை உள்ளே வாங்கும், பண்டமாற்று மாதிரி. இதைத் தடுக்க அமெரிக்காவில் கார்ல் பேயர் குழுவினர் தேடிப் பிடித்து 1951-ல் வெளியிட்டதுதான் புரொபெனெசிட் என்ற மருந்து. அதுவும் கரிம அமிலம்தான், வாசலை அதுவே அடைத்துக்கொண்டு நிற்க, பென்சிலின் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். வேடிக்கை என்னவென்றால், அது வந்து சேர்வதற்குள் பென்சிலினே மலிந்துவிட்டது! ஆனாலும் வீணாகவில்லை, யூரிக் அமிலம் திரும்ப உறிஞ்சப்படுவதையும் தடுப்பதால், யூரிக் அமிலம் சேர்ந்து மூட்டு வலிக்கும் கவுட் நோய்க்கு மருந்தாயிற்று.

சரி, இதில் வேலை எங்கே? அதே புரொபெனெசிட்டை, புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவருக்குக் கொடுத்தால், மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறி எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கலாம். அதனால் புது மருந்து வந்தால் இந்தக் கதவுகளோடு அது எப்படி நடந்துகொள்கிறது என்று அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் கேட்கின்றன. அந்தச் சோதனைகளைச் செய்யும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் ஐ.டி. மாதிரி இருக்காது, அதை மறைக்க மாட்டேன்.

அங்கே கேட்பது செல் கல்ச்சரும் (லேபில் செல் வளர்ப்பது), மருந்தின் அளவைத் துல்லியமாக அளக்கும் எல்சி-எம்எஸ் கருவியில் கைப்பழக்கமும்தான், எலிக்கு மருந்து கொடுத்து நாலு கிராஃப் போட்ட புராஜெக்ட் மட்டும் போதாது. முதலில் எம்.பார்ம் சேர்க்கைக்கான தேசியத் தேர்வான ஜிபேட் எழுதட்டும், மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனமான நைப்பருக்கும் முயலட்டும். எங்கே இடம் கிடைத்தாலும் ஃபீஸ் கட்டும் முன் சீனியர்களிடம் ஒன்று விசாரிக்கச் சொல்லுங்கள்: லேபில் அந்த மெஷின் இருக்கிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா? இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் பூட்டுத் திறக்கும் மெஷின்களை நிறையப் பார்த்தாயிற்று.