பரண் போட்டாயிற்று, தழை எங்கே தம்பி?

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மூலனூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆட்டுப் பண்ணை ஆரம்பித்தேன். தரையிலிருந்து உயர்த்திப் பலகை அடித்த பரண் கொட்டகைக்கே 6 லட்சம் ஆகிவிட்டது. ஒரு வியாபாரி தலைச்சேரி இன ஆடு என்று 40 பெட்டை, 2 கிடா இறக்கினார். வந்த பத்தாம் நாளிலிருந்து காய்ச்சல், மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல். 11 செத்துவிட்டன. என்ன ஊசி போடலாம்? வியாபாரி பாதி விலைக்கு 15 ஆடு தருகிறேன் என்கிறார், வாங்கி நிரப்பவா? தீவனம் விலைக்குத்தான் வாங்குகிறேன். ஒரு ஏக்கருக்குக் கிணற்றுத் தண்ணீர் உண்டு, தாத்தா காலத்துக் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) 4 ஏக்கர் சும்மா கிடக்கிறது. பேசாமல் மூடிவிடலாமா?

பதில்: தம்பி, அந்த 15 ஆடு வேண்டாம். இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நோய் ஓடிக்கொண்டிருக்கும் பட்டியில் புது ஆட்டை இறக்கினால் அதுவும் சேர்ந்து போகும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆட்டுக்கொல்லி நோய் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் கால்நடை டாக்டர் வந்து மாதிரி எடுத்து அனுப்பினால்தான் உறுதி. இது வைரஸ், அதைக் கொல்ல ஊசி கிடையாது. டாக்டர் போடும் ஆன்டிபயாடிக், கூடவே வரும் நிமோனியாவுக்கு. வாய்ப்புண்ணோடு காய்ந்த தட்டையைக் கடிக்க முடியாது, கஞ்சியும் இளம் தழையும் கொடுங்கள், கழிச்சலில் உடம்பு வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோய் கண்டதைத் தனியாகக் கட்டுங்கள். செத்ததை ஓடையில் வீசாமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நோய் அடங்கும்வரை கன்னிவாடிச் சந்தைக்கு ஒரு குட்டியைக்கூட ஓட்டாதீர்கள், ஊர் முழுக்கப் பரவும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஒருமுறை போட்டால் சுமார் 3 வருடம் தாங்கும். எப்போது போடலாம் என்று டாக்டரையே கேளுங்கள். இனி எந்த ஆடு வந்தாலும் ஒரு மாதம் பட்டிக்கு வெளியே, தனித் தொட்டி, தனி ஆள்.

வியாபாரி விஷயம். தலைச்சேரிக்கு இன்ன நிறம் என்று கிடையாது. வெள்ளை, கருப்பு, பழுப்பு, கலப்பு எல்லாம் வரும். அதனால்தான் காது கொஞ்சம் நீண்ட எந்த ஆட்டையும் தலைச்சேரி என்று தள்ளிவிட முடிகிறது. நாலு சந்தையில் பொறுக்கி, ஒரே வண்டியில் நெருக்கி ஏற்றி, பசியும் பயணக் களைப்புமாக இறக்கிவிட்டு அதைப் 'பண்ணை ஆடு' என்பார்கள். இந்த ஆட்களுக்குப் பாதி விலையிலும் லாபம் நிற்கும். கீழ்த்தாடையைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டு பெரிய பல் என்றால் இளசு. எட்டுப் பல்லும் முளைத்து, தேய்ந்து, இடைவெளி விட்டிருந்தால் யாரோ கழித்துவிட்ட கிழடு.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஊசியைப் பற்றி அல்ல. 6 லட்சத்துக்குக் கொட்டகை போட்டீர்களே, ஒரு செண்டிலாவது தழை போட்டீர்களா? வளர்ந்த ஆடு ஒன்று நாளுக்கு 4 கிலோ பசுந்தீவனம் தின்னும். 42 ஆட்டுக்குக் கிட்டத்தட்ட 170 கிலோ, தினமும், தீபாவளி அன்றைக்கும். இதை விலைக்கு வாங்கிப் போட்டு எவரும் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. பெட்டைக்குச் சினை 5 மாதம், குட்டி விலைக்கு வர இன்னொரு ஆறு மாதம். சினையில்லாத ஆடு வாங்கினால் ஒரு வருடம் கையில் வரவு இல்லை. அந்த ஒரு வருடச் சாப்பாட்டுப் பணத்தைத்தான் நீங்கள் பரண் பலகையாக அடித்துவிட்டீர்கள். வேலையை விட்டுவிட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் கொட்டகையில் ஆரம்பிக்கிறார்கள். போட்டோவுக்கு அதுதான் நன்றாக இருக்கிறது.

தண்ணீர் உள்ள ஒரு ஏக்கரில் வேலிமசால் என்னும் தீவனச் செடியை விதையுங்கள். விதைத் தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை இறக்கி மூன்று நாலு நிமிடம் ஆறவிட்டு, விதையை அதில் 5 நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் ஊறவைக்காவிட்டால் பாதிகூட முளைக்காது. முதல் அறுப்பு 90 நாளில், அப்புறம் 40 நாளுக்கு ஒருமுறை. வரப்பில் தழைக்கு அகத்தி, கிளைரிசிடியா மரங்களை வையுங்கள். சூபாபுல்லும் நல்லதுதான், அதை மட்டுமே போடக்கூடாது. கோ-4 என்ற தீவனப்புல் கரணையை விற்க வருவார்கள், கொஞ்சம் போதும். ஆடு தழை தின்னி, தண்டை மிதித்து வீணாக்கும்.

அப்புறம், 4 ஏக்கர் கொறங்காட்டைச் சும்மா கிடக்கிறது என்று எழுத எப்படி மனசு வந்தது? கொளுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் இருக்கும் காட்டை வைத்துக்கொண்டு ஆட்டைப் பரணில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். தேறிய ஆடுகளைப் பகலில் அங்கே மேய விடுங்கள், இரவுக்குப் பரண். வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் புண்ணாக்கு, தவிடு மாதிரி அடர்தீவனச் செலவும் குறையும்.

மூட வேண்டாம். மிச்சம் 31 ஆட்டில் தேறுவதை மட்டும் வைத்து, அறுப்புக்குத் தழை வரும்வரை எண்ணிக்கையைக் கூட்டாமல் இருங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பல் என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். எதை வைத்துக்கொள்வது, நோய் அடங்கிய பிறகு எதைக் கழிப்பது என்று அப்புறம் பேசுவோம்.