பணகுடித் தம்பிக்கு: காத்தாடி வேலையை மறைக்காதே

"அண்ணாச்சி, அடுத்த வாரம் துபாய் கம்பெனி இன்டர்வியூ. பில்டிங் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன் வேலை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் வைத்து நடக்கிறது. என்னிடம் டிப்ளமோவும் மூன்று வருடக் காத்தாடி (காற்றாலை) வேலையும்தான் இருக்கு. காத்தாடியை எடுத்துவிட்டு ஐந்து வருடம் பில்டிங் அனுபவம் என்று போட்டுத் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். போடட்டுமா? என்ன சட்டை போட வேண்டும்? இங்கிலீஷ் எப்படிச் சமாளிப்பது? சம்பளம் எவ்வளவு கேட்கலாம்? அங்கே சாப்பாடு எப்படி?" என்று பணகுடியிலிருந்து கேட்டிருக்கிறாய்.

சட்டை துவைத்து இஸ்திரி போட்டதாக இருந்தால் போதும். சாப்பாடு நம்ம ஊர்ச் சாப்பாடே கிடைக்கும். அதை விடு. ஏஜென்ட் சொன்னதைப் படித்த பிறகு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. 2004-ல் என்னிடமும் இதையேதான் சொன்னார்கள்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரன். அப்போது ஐடிஐ முடித்துவிட்டு வீட்டு வயரிங்கும் ரைஸ் மில் மோட்டார் ரிப்பேரும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் என் பயோடேட்டாவில் கண்ட்ரோல் பேனல், சில்லர் என்று என்னென்னவோ எழுதினார். பெரிய கட்டிட ஏசிக்குத் தண்ணீரைக் குளிர வைக்கும் அந்த சில்லர் மெஷினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 70,000 ரூபாய் கட்டினோம். இன்டர்வியூ பத்து நிமிடம். வந்தவர் பாதி ஹிந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் கேட்டார். புரிந்ததற்கும் புரியாததற்கும் 'எஸ் சார்' என்று தலையாட்டினேன். எடுத்துக்கொண்டார்கள். தெருவுக்கே அல்வா கொடுத்தார் அப்பா.

ஷார்ஜாவில் இறங்கிய மூன்றாம் நாள் ஃபோர்மேன் ஒரு பேனலைத் திறந்துவிட்டு டிராயிங்கை என் கையில் கொடுத்தார். எனக்கு ஒரு கோடுகூடப் புரியவில்லை. அன்று சாயங்காலமே ஹெல்ப்பர் ஆக்கிவிட்டார்கள். 700 திர்ஹம் என்று பேசிய சம்பளம் 500 ஆனது. ஜூலை வெயிலில் மொட்டை மாடியில் கேபிள் இழுத்தேன். (இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. நாங்கள் போனபோது அந்த நிழல் இல்லை.) சங்கிலியை மீட்க இரண்டே கால் வருடம் ஆனது. அந்த இன்டர்வியூவில் தோற்றிருந்தால் பஸ் காசோடு போயிருக்கும்.

இப்போது துபாயில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஆள் எடுக்கும்போது இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பவன் நானும்தான். அதனால் சொல்கிறேன். ஐந்து வருடம் பில்டிங் வேலை பார்த்ததாக எழுதியவனிடம், காலையில் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டாலே போதும். இரண்டாவது வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம், காத்தாடி வேலையை நீ ஏன் குறைவாக நினைக்கிறாய் என்றுதான் எனக்கு ஆற்றாமை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். அந்த சீசனில் ஒரு மெஷின் நின்றால் மணிக்கு மணி நஷ்டம். அந்த அவசரத்திலும் பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சப்ளை இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தானே கோபுரத்தில் ஏறுவாய்? எங்களுக்கு வேண்டியது அந்த ஆள்தான். உயரத்தில் பெல்ட் போட்டு வேலை, டிரான்ஸ்ஃபார்மர், கண்ட்ரோல் பேனல், எர்த்திங், அன்றன்றைக்கு லாக் புக் எழுதுவது எல்லாம் பார்த்திருப்பாய். இதையெல்லாம் அடித்துவிட்டு இல்லாத பில்டிங்கை எழுதச் சொல்கிறார் அந்த ஏஜென்ட்.

'உன்னைப் பற்றிச் சொல்' என்றால் அப்பா பெயர், ஊர், தம்பி தங்கை என்று ஆரம்பிக்காதே. நீ சரிசெய்த ஒரே ஒரு ஃபால்ட்டைச் சொல். என்ன நின்றது, முதலில் எதைச் சோதித்தாய், எங்கே கண்டுபிடித்தாய், எத்தனை மணி நேரத்தில் ஓட்டினாய். இதைப் பத்து வரி இங்கிலீஷில் எழுதி, தினமும் நாலு தடவை வாய்விட்டுச் சொல். ஒரு வாரத்தில் இங்கிலீஷ் வராது. இந்தப் பத்து வரி வரும். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள் சார் என்று சொல், தலையாட்டாதே. தெரியாததைக் கேட்டால், 'இது நான் செய்ததில்லை, இதை ஒட்டி இன்னது செய்திருக்கிறேன்' என்று சொல். அப்படிச் சொன்ன இரண்டு பையன்களை நானே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

டெக்னிக்கலில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது கொஞ்சம்தான். மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு? ஸ்டார்ட்டிங் கரன்ட் மூன்றில் ஒரு பங்காகும் என்று எல்லோரும் சொல்வார்கள். டார்க்கும் (மோட்டாரின் சுழற்று விசை) மூன்றில் ஒரு பங்காகும் என்று சேர்த்துச் சொல்கிறவனை நிமிர்ந்து பார்ப்போம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் பிரேக்கர்) அடிக்கடி ட்ரிப் ஆனால் என்ன செய்வாய்? பிரேக்கரை மாற்றுவேன் என்றால் அவ்வளவுதான். சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பேன், லைனை அணைத்து, எலெக்ட்ரானிக் சாமான்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுவேன் என்று சொல்.

சம்பளத்தில் மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதே. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேள். கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் தொகை) அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கு: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். இது தெரியாமல் பல வருடம் உழைத்துவிட்டுக் கடைசி நாளில் கணக்குப் பார்த்து வாயடைத்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஏஜென்ட்டிடம் பதிவு எண் கேள். அதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார். பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் வந்த தொழிலாளர் சட்டமோ, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டவே கூடாது என்கிறது. பாஸ்போர்ட்டை அட்வான்ஸ் மாதிரி கொடுத்து வைக்காதே. விசிட் விசாவில் வா, வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றால் எழுந்து வந்துவிடு. அந்த விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். பிடிபட்டால் நிற்பது நீதான்.

நம்ம ஆட்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. என் ரூமில் இருந்த மலையாளிப் பையன்கள் எந்தக் கம்பெனியில் ஆள் எடுத்தாலும் அன்று ராத்திரியே பத்துப் பேருக்குச் சொல்வார்கள். நம்மவர்களோ லீவில் ஊருக்கு வந்தால் கல்யாண வீட்டில் சென்ட் மணக்க நிற்பார்கள், பட்ட பாட்டை மட்டும் சொல்ல மாட்டார்கள். சொந்த ஊர்ப் பையனிடமே சிபாரிசுக்கு ஐம்பதாயிரம் வாங்கினவரும் இருக்கிறார். 18 வருடம் இருந்தும் தமிழ் தவிர ஒரு வார்த்தை பேசாதவரோடு நான் தங்கியிருந்தேன். ஹெல்ப்பராகவே ஊர் திரும்பினார். நான் கேபிள் இழுத்த நாட்களில் பெஷாவர்க்கார டிரைவரிடம் உருது கற்றுக்கொண்டேன். ராத்திரி ரூம் வாசல் டியூப்லைட்டில் உட்கார்ந்து, மலையாளி ஃபோர்மேன் தூக்கிப்போட்ட பழைய டிராயிங்குகளை விரித்து ஒவ்வொரு கோடாகப் படித்தேன். இரண்டாவது கம்பெனி இன்டர்வியூவில் ஒரு பேனல் டிராயிங்கைக் காட்டி, தப்பு எங்கே என்று கேட்டார்கள். பார்த்த உடனே விரலை வைத்தேன். அந்தத் தாளின் மடிப்புகூட இன்றும் கண்ணில் நிற்கிறது.

இந்த மாதக் கடைசிவரை லீவில் ஊரில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் பணகுடியிலிருந்து வள்ளியூர் வந்து, சேரன்மகாதேவி வழியாகக் கல்லிடைக்குறிச்சிக்கு வா. அந்தப் பத்து வரியை எழுதி எடுத்து வா. உன் மல்டிமீட்டரையும் கொண்டு வா. என்னிடம் இரண்டு பழைய டிராயிங் இருக்கு, மத்தியானம் வரை உட்கார்ந்து பார்ப்போம். சாப்பாடு நம்ம வீட்டில்.