தோட்டத்துக்கு வரும் சோலைக்கிளிக்குக் கூட்டுப்பெட்டி வைக்கலாமா?

கேள்வி: கொடைக்கானலில் சோலைக்காட்டை ஒட்டி எங்கள் வீடு. விடியற்காலையில் ஒரு நீலக் குருவி வேலியோரம் தத்தித் தத்தி இரை தேடுகிறது. ஊட்டியில் பார்த்ததற்கு வயிற்றோரம் செம்பழுப்பு. இதற்கு வெள்ளை வயிறு. இரண்டும் ஒன்றா? கூட்டுப்பெட்டி வைத்தால் தங்குமா?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு இனம். ஊட்டியில் பார்த்தது நீலகிரி சோலைக்கிளி, உங்கள் வீட்டுக்கு வருவது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. (கிளி என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மலையாளத்தில் எந்தப் பறவையும் கிளிதான். இது ஈப்பிடிப்பான் குடும்பம்.)

இரண்டையும் பிரித்தது பாலக்காட்டுக் கணவாய். சோலைக்கிளி உயரமான மலையின் குளிர்ந்த சோலையை விட்டு இறங்காது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தச் சூடான தாழ்நிலம் அதற்குக் கடல் மாதிரி. வடக்கே நீலகிரியில் ஒன்று, தெற்கே ஆனைமலை, பழனிமலை, மேகமலையில் இன்னொன்று என்று நெடுங்காலமாகக் கலக்காமல் வாழ்ந்து வேறாகிவிட்டன. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலையில் இருப்பதையும் தனி இனம் என்று சொல்பவர்கள் உண்டு. 2017-இல்தான் இவற்றுக்கு 'சோலிகோலா' என்று தனிப் பேரினம் கிடைத்தது. சோலையில் வாழ்வது என்று பொருள்.

உலகத்தில் வேறெங்கும் இவை இல்லை. இருக்கும் சோலைகளையும் தேயிலையும் ஊர்களும் துண்டு துண்டாக்கிவிட்டன. பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் நீலகிரிப் பறவை 'அருகிவரும்' (Endangered) நிலையிலும், உங்களுடையது 'அழிவாய்ப்புள்ள' (Vulnerable) நிலையிலும் இருக்கின்றன.

சரி, பெட்டி? வேண்டாம் என்பேன். மரப்பொந்திலோ, மண்திட்டின் இடுக்கிலோ பாசியும் வேர்நாரும் வைத்துக் கூடு கட்டும் பறவை இது. பெட்டியைத் தொங்கவிட்டால் பட்டாணிக் குருவி குடியேறலாம். அதுவும் நல்லதுதான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

அதற்கு வேண்டியது நிழலான, கொஞ்சம் ஈரமான, சருகு மூடிய தரை. பூச்சி புழுவெல்லாம் சருகுக்கடியில்தான். ஆகவே சோலை பக்கத்து வேலியோரத்தில் சில அடியாவது கூட்டாமல் விடுங்கள். விழுந்த கட்டையை அப்படியே விட்டுவிடுங்கள். குறிஞ்சிப் புதர் தானாக முளைத்திருந்தால் வெட்டாதீர்கள். பூச்சிமருந்து அந்தப் பக்கமே வேண்டாம். மண்திட்டைச் சீர்செய்யும் வேலை இருந்தால், கூடு கட்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரை தொடாமல், அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு அப்பால் சீகைத் தோப்பு (வாட்டில் மரம், சீகைக்காய் அல்ல) இருந்தால், அந்நிய மரம் என்று ஒரேயடியாக வெட்டச் சொல்லிவிடாதீர்கள். பழைய சீகையின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் முளைத்திருக்கும். முதலில் கீழே குனிந்து பாருங்கள்.

அப்புறம், வீட்டில் பூனை இருந்தால் விடியலிலும் அந்தியிலும் உள்ளேயே வையுங்கள். தரையில் மேயும் பறவை அதிகம் வெளியே வருவது அந்த நேரத்தில்தான். விருந்தினருக்குக் காட்டுவதற்காகக் கைபேசியில் அதன் பாட்டைப் போட்டு அழைக்கவும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு எதிர்ப்பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்.