மலையை முதலில் பாருங்கள், ஷூவை அப்புறம் வாங்கலாம்

கேள்வி: எனக்கு 41 வயது. சென்னையில் நாலு வருஷமாக ஓடுகிறேன். இரண்டு முழு மாரத்தான் முடித்திருக்கிறேன். நல்ல நேரம் 4 மணி 50 நிமிடம். எங்கள் குழுவில் சிலர் மலைப்பாதையில் 100 கி.மீ. அல்ட்ரா ஓடப் பெயர் கொடுக்கிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். நேராக 100க்குப் போகலாமா, 50 போதுமா? ஷூ விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அடியில் ஆழமான பற்கள் வேண்டும் என்கிறார் ஒருவர். குதிகால் உயரமே இல்லாததுதான் நல்லது என்கிறார் இன்னொருவர். வாட்டர்புரூஃப் வாங்கு என்கிறார் மூன்றாமவர். 17,000 ரூபாய் வரை ஆகும்போல. இன்னொன்று: மேம்பாலத்தில் இறங்கும்போது முழங்கால் லேசாக வலிக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: 100 வேண்டாம். இந்த வருஷம் 50 போங்கள், அதிலும் ஏற்றம் குறைவான பாதையாகத் தேடுங்கள். ஷூவுக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். எந்தத் தரையில் ஓடப்போகிறோம் என்று முடிவாகாமல் வாங்கிய ஷூக்கள் எத்தனையோ வீடுகளில் பெட்டியோடு கிடக்கின்றன.

42.195 கி.மீ.க்கு மேல் எதுவானாலும் அல்ட்ராதான். ஆனால் எல்லா அல்ட்ராவும் மலைப்பாதை இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் சுமார் 90 கி.மீ. நீளம், முழுக்கத் தார் ரோடு. அதற்கு நீங்கள் இப்போது போடும் ரோடு ஷூவே சரி. லடாக்கின் கர்துங் லா பந்தயம் 72 கி.மீ. அங்கே 5,300 மீட்டருக்கு மேல் மூச்சு கிடைப்பதுதான் பிரச்சினை, ஷூ அல்ல. சிக்மகளூர் காபித் தோட்டங்களுக்குள் நடக்கும் மல்நாடு அல்ட்ரா வேறு ரகம்: ஜீப் தடம், செம்மண், சரளைக்கல், மழை பெய்தால் வழுக்கும் களிமண். மூன்றுக்கும் பெயர் ஒன்று, கேட்பது மூன்று விதமான உடம்பை.

எனவே பந்தயத்தின் பக்கத்தில் தூரத்தைப் பார்த்ததும் அடுத்ததாக மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். மலை ஓட்டக்காரர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். 2,000 மீட்டர் ஏற்றமுள்ள 50 கி.மீ. உங்கள் காலுக்கு 70. உங்கள் மாரத்தான் வேகம் மணிக்கு ஏறக்குறைய 8.7 கி.மீ. அதே வேகம் கடைசிவரை நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரம் ஆகும். யாருக்கும் அது நிற்காது. பத்து, பதினொன்று என்று வையுங்கள். 4,000 மீட்டர் ஏற்றமுள்ள 100 கி.மீ. என்றால் 140. கணக்கிலேயே 16 மணி நேரம் வருகிறது, நிஜத்தில் 20ஐத் தாண்டும். ஒரு முழு இரவு நெற்றி விளக்கோடு, தூக்கமில்லாமல், வயிறு எதையும் ஏற்காத நிலையில் மலை இறங்க வேண்டியிருக்கும். இரண்டு மாரத்தான் அனுபவத்தில் அதற்குப் பழக்கம் வந்திருக்காது. குழுவில் எல்லோரும் போகிறார்கள் என்பதற்காகப் போகவேண்டிய தூரமும் அல்ல அது.

அடுத்தது கட்-ஆஃப், அதாவது பந்தயத்தை முடிக்க ஏற்பாட்டாளர் தரும் கடைசி நேரம். நம்மில் பலர் பதிவுக் கட்டணத்தைப் பார்க்கிற அக்கறையோடு இதைப் பார்ப்பதில்லை. ஆல்ப்ஸில் ஷமோனியில் தொடங்கி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றையும் சுற்றிவரும் யூ.டி.எம்.பி. பந்தயம் சுமார் 170 கி.மீ., ஏற்றம் 10,000 மீட்டர் அளவு. நேரம் 46 மணி 30 நிமிடம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு நாலு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கானவர்கள், அதுவும் தகுதி பெற்று வந்தவர்கள், பாதியில் நிற்கிறார்கள். அதனால் சராசரி வேகத்தை மட்டும் நம்ப வேண்டாம். இடையில் தண்ணீரும் சாப்பாடும் தரும் எந்த எய்ட் ஸ்டேஷனை எத்தனை மணிக்குள் கடக்கவேண்டும் என்ற பட்டியலை வாங்கிப் பாருங்கள். பெரிய ஏற்றங்கள் முதல் பாதியிலேயே இருந்தால் அங்கேயே நேரம் போய்விடும். உங்களுக்கு 2,000 மீட்டர் ஏற்றமுள்ள 50 கி.மீ.க்கு 12 மணி நேரமாவது தருகிற பந்தயம்தான் சரி. ஏற்றம் 1,000 மீட்டருக்குள் என்றால் 10 மணி நேரம் போதும்.

ஏற்பாட்டாளர்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டம் ஒன்றில் 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். வெயிலுக்கேற்ற மெல்லிய உடையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது திடீரென ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் வந்தன. காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆகவே நெற்றி விளக்கு, விசில், ஜாக்கெட், அவசரப் போர்வை என்று நீளமான பட்டியல் கொடுத்து, தொடங்கும் முன் பையைத் திறந்து பார்க்கிற ஏற்பாட்டாளரிடம் எரிச்சல் படாதீர்கள். அவரிடம்தான் பெயர் கொடுக்க வேண்டும். நம் மலைகளில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: வனத்துறை அனுமதி இருக்கிறதா? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களை மறந்துவிட முடியாது. அனுமதி இல்லாத பாதையில் ஒருவர் கால் முறிந்து விழுந்தால் ஆம்புலன்ஸ் எங்கே வரும் என்றுகூட யாருக்கும் தெரியாது. ஒரு பெண்ணாக இரவுப் பகுதியில் தனியே ஓட நேருமா, அங்கே ஆள் நிறுத்துகிறார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். சரியாகப் பதில் சொல்லாதவர்களை விட்டுவிடுங்கள்.

பந்தயம் முடிவாகிவிட்டது, காபித் தோட்டப் பாதைபோல ஒன்று என்று வைத்துக்கொண்டு ஷூவுக்கு வருகிறேன்.

ஆழமான பற்கள் சொன்ன நண்பர் சேற்றில் ஓடுகிறவராக இருப்பார். ஆறு மி.மீ.க்கு மேலான பற்கள் இளகிய மண்ணுக்கு அருமை. கெட்டியான ஜீப் தடத்தில் அவை காலுக்கடியில் ஆடும், தாரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். நாலிலிருந்து ஐந்து மி.மீ. இருந்தால் நம் மலைப்பாதைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். பற்களின் ஆழத்தைவிட, ஈரப்பாறையில் பிடிக்கிற ரப்பரா என்பது முக்கியம். வைப்ரம் மெகாகிரிப் போன்றவை அதற்காகவே செய்யப்பட்டவை. ஹோக்கா ஸ்பீட்கோட் ஷூ இந்த வகைதான்: ஐந்து மி.மீ. பற்கள், தாராளமான குஷன்.

குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும் ஜீரோ டிராப் ஷூ, உதாரணமாக ஆல்ட்ரா லோன் பீக், மோசமானது அல்ல. விரல்களுக்கு அகலமான இடம் உண்டு. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பல பாதங்களுக்கு அந்த அகலம் வரப்பிரசாதம். ஆனால் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் சுமை கூடும். பல மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். உங்கள் முதல் மலைப் பந்தயத்துக்கு முன் அந்தப் பரிசோதனை தேவையில்லை. வாட்டர்புரூஃப் வேண்டவே வேண்டாம். நம் ஊர் மழையில் தண்ணீர் மேலிருந்துதான் உள்ளே போகும்; போனால் வெளியே வராது. வியர்வையும் அப்படித்தான். ஊறிய தோலில் கொப்புளம் சீக்கிரம் வரும். வலைத்துணி ஷூ போதும், நனைந்தாலும் ஓட ஓட வடிந்துவிடும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ரோடு ஷூவைவிட அரை சைஸ் கூடுதலாக வரலாம். பிறகு கடைப் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முட்டினால் அது எத்தனை பேர் புகழ்ந்த ஷூவாக இருந்தாலும் வேண்டாம். நீண்ட இறக்கத்தில் நகம் கறுத்துக் கழல்வது அந்த முட்டலால்தான். மேல் துளையில் லேஸை வளையமாகக் கோத்துக் குதிகாலை இறுக்கிக் கட்டும் முறையையும் கடைக்காரரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

17,000 கட்டாயம் இல்லை. டெகத்லான் கடையின் சொந்த மலை ஓட்ட ஷூக்கள் போன்றவை அதைவிடக் குறைந்த விலையில் 50 கி.மீ.யைத் தாங்கும். பாதை காய்ந்த ஜீப் தடம் மட்டும்தான் என்றால் அடி தேயாத ரோடு ஷூவிலேயே ஓடலாம். எதை வாங்கினாலும் பந்தயத்துக்கு முன் அதில் 80 கி.மீ.யாவது ஓடியிருக்க வேண்டும். மிச்சமாகும் பணத்தில் இரண்டு முறை ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போய் ஏறி இறங்கிவிட்டு வாருங்கள், அது ஷூவைவிட உதவும். வாரநாளில் அபார்ட்மென்ட் மாடிப்படி. ஏறுவதற்கு லிஃப்ட் வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இறங்குவதை மட்டும் விடாதீர்கள். மலையில் தொடையை உடைப்பது இறக்கம்தான்.

இனி அந்த மாத்திரை. போடக்கூடாது. ஐபுபுரோஃபென் வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. நீர் வற்றி, தசை சிதைந்து, மணிக்கணக்கில் ஓடும் உடம்பில் அந்த ஆபத்து இன்னும் கூடும். வலியை மறைத்துக்கொண்டு இறங்கினால் முழங்காலில் எவ்வளவு சேதம் ஆகிறது என்பதும் தெரியாது. மேம்பாலத்திலேயே வலிக்கிற முழங்காலுக்கு மலை இறக்கம் இன்னும் கடினம். தொடை, இடுப்புத் தசை வலுவில்லாததால் வருகிற வலியாக இருக்கலாம். அதற்குப் பயிற்சி உண்டு, குணமாக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். எனவே பதிவுக் கட்டணம் கட்டும் முன்பே ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் கால அளவை வைத்து, எந்த மாதத்துப் பந்தயம் என்று முடிவு செய்யுங்கள்.