பைவிமோமி வழியே மெய்நிகர் கணினியின் அடையாளத்தைக் கண்டறிதல்: கேள்வி பதில்

கேள்வி: விஎம்வேரின் நிர்வாக மென்பொருளான விசென்டரில் உள்ள மெய்நிகர் கணினிகளை, பைவிமோமி என்ற பைத்தான் நிரலகத்தால் பட்டியலிடும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று அடையாளங்கள் கிடைக்கின்றன. எங்கள் தரவுத்தளத்தில் எதைச் சேமிப்பது?

பதில்: ‘விஎம்-1043’ போன்ற வடிவில் வருவது மோஐடி, வங்கியில் தரும் டோக்கனைப் போல, அதைக் கொடுத்த விசென்டருக்குள் மட்டுமே செல்லும். கணினியைப் பதிவிலிருந்து நீக்கி மீண்டும் சேர்த்தால் புதிய எண் வந்துவிடும் என்பதோடு, இன்னொரு விசென்டரில் அதே எண் வேறொரு கணினிக்கும் இருக்கக்கூடும். கணினியின் அமைப்பு விவரங்களைத் தாங்கும் கான்ஃபிக் என்ற பொருளில் உள்ள ‘யூயூஐடி’, உள்ளே இயங்கும் லினக்ஸோ விண்டோஸோ காணும் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அடையாளம். கோப்புகளை நகலெடுத்துப் பதிவு செய்யும் இடங்களில் இது இரண்டு கணினிகளுக்கு ஒன்றாகவே அமைந்துவிடுவதுண்டு. அதே பொருளில் உள்ள ‘இன்ஸ்டன்ஸ் யூயூஐடி’யைத்தான், தன் எல்லைக்குள் இரட்டிப்பு நேராதபடி விசென்டர் கவனித்துக்கொள்கிறது. ஆகவே இதையும், விசென்டர் தன்னைப் பற்றிய விவரம் தரும் அபவுட் பகுதியில் கிடைக்கும் விசென்டரின் சொந்த அடையாளத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். பெயரை மட்டும் சாவியாகக் கொள்ள வேண்டாம். வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே பெயர் இருக்க விசென்டர் அனுமதிக்கிறது.

கேள்வி: சரியான இன்ஸ்டன்ஸ் யூயூஐடியைக் கொடுத்தும் ‘ஃபைண்ட்பை யூயூஐடி’ என்ற தேடல் செயற்கூறு ‘நன்’ (எதுவும் இல்லை) என்றே திருப்புகிறது, ஏன்?

பதில்: அந்தச் செயற்கூறு இயல்பாகப் பயாஸ் அடையாளத்தையே தேடும். கடைசி அளபுருவான இன்ஸ்டன்ஸ் யூயூஐடியை ட்ரூ என்று கொடுங்கள்.

கேள்வி: லினக்ஸில் வன்பொருள் விவரம் காட்டும் டிஎம்ஐடிகோட் கட்டளை தரும் எண், பைவிமோமி தரும் பயாஸ் அடையாளத்தோடு பொருந்தவில்லையே?

பதில்: மெய்நிகர் வன்பொருள் பதிப்பு 13 முதல் உருவான கணினிகளில் இது வழக்கமாகக் காணப்படுவதே. எண் மாறவில்லை, முதல் மூன்று பகுதிகளின் பைட் வரிசைதான் திரும்பியிருக்கிறது. விசென்டரில் 42031122-3344-5566 என்று தொடங்குவது உள்ளே 22110342-4433-6655 என்று தெரியும்; பின்னுள்ள இரு பகுதிகள் அப்படியே இருக்கும். பைத்தானின் யூயூஐடி தொகுதியில் ‘பைட்ஸ் எல்இ’ என்ற பண்பு இதற்காகவே உள்ளது என்பதால், எழுத்துகளை வெட்டி ஒட்டும் நிரலை நீங்களே எழுத வேண்டியதில்லை.

கேள்வி: ஆயிரக்கணக்கான கணினிகளைச் சுற்றி வர நிரல் மிகவும் தாமதிக்கிறது. சில நேரம் ‘நன்டைப்’ பிழையோடு நின்றும் விடுகிறது.

பதில்: கணினிகளின் பட்டியலைத் தரும் கண்டெய்னர் வியூவில் ஒவ்வொரு கணினியின் பெயரையும் கான்ஃபிக்கையும் தனித்தனியாகக் கேட்கும்போது, ஒவ்வொரு கேள்வியும் வலையமைப்பு வழியாக ஒரு முறை போய் வருகிறது. கேட்ட பண்புகளைத் திரட்டித் தரும் ப்ராப்பர்டி கலெக்டரிடம் ‘நேம்’, ‘கான்ஃபிக்.இன்ஸ்டன்ஸ் யூயூஐடி’ ஆகிய இரண்டை மட்டும் மொத்தமாகக் கேளுங்கள். சேமிப்பகம் எட்டாத கணினிகளுக்குக் கான்ஃபிக் வெறுமையாக வருவதே அந்தப் பிழைக்குக் காரணம். அவற்றைத் தவிர்த்துவிடாமல் மோஐடியோடு தனிப் பட்டியலில் எழுதுங்கள், ஏனெனில் நிர்வாகி முதலில் பார்க்க வேண்டியவை அவையே. வேலை முடிந்ததும் வியூவை ‘டெஸ்ட்ராய்’ கட்டளையால் அழிக்க மறவாதீர்கள்.