மனசுக்குள் வாசிப்பது யார்?

கேள்வி: வாய் திறக்காமல் படிக்கும்போதும் உள்ளே ஒரு குரல் வாசித்துக்கொண்டே வருகிறது. என் கணவரோ, "எனக்கு அப்படி எதுவும் கேட்கலையே" என்கிறார். எனக்கு ஏதாவது கோளாறா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: கோளாறெல்லாம் இல்லை, நிறையப் பேருக்கு அப்படித்தான், எனக்கும். சின்ன வயதில் கத்திப் படித்துத்தானே எழுத்துக் கூட்டினோம்; பிறகு டீச்சர் "மனசுக்குள்ள படி" என்று அதட்டியதில் வெளிச்சத்தம் நின்றது, உள்சத்தம் நிற்கவில்லை. அப்படிப் படிக்கும்போது நாக்கு, தொண்டைத் தசைகள் துளித்துளியாக இயங்குவதைக் கருவி வைத்தே பதிவு செய்திருக்கிறார்கள். சந்தேகமிருந்தால் 'வாழைப்பழம்' என்று மெதுவாக மனசுக்குள் படித்துப் பாருங்கள். எனக்கு நாக்கு நுனி லேசாக மடிகிறது.

இந்தக் குரல் சும்மா வருவதில்லை. படித்த சொற்களை ஒலியாக இரண்டொரு விநாடி பிடித்துவைக்கும் ஓர் ஏற்பாடு மூளையில் இருப்பதாக 1974இல் பேடலி, ஹிட்ச் என்ற இரு உளவியலாளர்கள் சொன்னார்கள். நம் தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும், அதுவரை யார் யாரை என்ன செய்தார் என்பதை எங்காவது வைத்திருக்க வேண்டாமா? பத்திரப்பதிவு அலுவலகத்துக் கிரயப் பத்திரத்தைப் படித்தவர்களுக்கு இது தெரியும். ஒரே வாக்கியம் ஒரு பக்கம் ஓடும், நம்மை அறியாமல் உதடும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடும்.

சரி, உங்கள் கணவர்? அவரும் பொய் சொல்லவில்லை. உள்குரல் மிகக் குறைவாக உள்ளவர்களும் இருக்கிறார்கள், அதற்கு 2024இல் வெளியான ஓர் ஆய்வு 'அனென்டோஃபேசியா' என்றே பெயர் வைத்தது. சொற்களை நினைவில் வைப்பதிலும், இரண்டு சொற்கள் ஒரே மாதிரி முடிகின்றனவா என்று கண்டுபிடிப்பதிலும் அவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். மளிகைச் சாமான் மறந்து வந்த அன்று இதை எடுத்து வீசாதீர்கள்.

கேள்வி: அந்தக் குரலை நிறுத்தினால் மூன்று மடங்கு வேகமாகப் படிக்கலாம் என்கிறது ஒரு பயிற்சி வகுப்பு. சேரலாமா?
- வாசகர், தேனி

பதில்: பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். "லா லா லா" என்று வாய்விட்டுச் சொன்னால் உள்குரலுக்கு வழியிருக்காது, அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு தலையங்கத்தைப் படித்துப் பாருங்கள். சுலபமான வரி புரியும், சுற்றி வளைத்த வரியில் கோட்டை விடுவீர்கள்.

கேள்வி: இறந்துபோன அப்பாவின் கடிதம் அவர் குரலிலேயே கேட்கிறதே, எப்படி?
- வாசகி, காரைக்குடி

பதில்: எழுதியவரின் பேச்சு காதில் பழகியிருந்தால் அதுவும் வாசிப்பில் ஏறிக்கொள்ளும். வேகமாகப் பேசுபவர் எழுதியது என்று சொல்லிக் கொடுத்த பத்தியை ஆட்கள் வேகமாக வாசித்ததை 1977இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். என் பெரியப்பாவின் இன்லேண்ட் லெட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, நலம் விசாரித்து முடித்து 'நிற்க' என்று எழுதியிருப்பார். அந்த இடம் வந்தால் அவர் தொண்டையைச் செருமுவது இன்றைக்கும் கேட்கும்.